உப்புக்கு எடுத்த படம்

அமலியை நான் ஆசான் என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குப் பிடிக்காது. என்னைவிட முப்பது வயது சின்னவள். தூத்துக்குடியில் ஃபிலிம் கழுவி, ஸ்கேன் போட்டு, பிரிண்ட் எடுத்துத் தரும் கடை வைத்திருக்கிறாள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். அறுபத்து நான்கு வயதில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு என் கலர் நெகட்டிவை விளக்குப் பலகையில் விரித்தாள். முப்பத்தாறு படம். எல்லாம் சண்முகக்கனி. உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு சுமந்தவள்.

"மெலிசா இருக்கு," என்றாள் அமலி.

"என்ன மெலிசு?"

"முகம் இருக்க வேண்டிய இடத்துல ஃபிலிம்ல ஒண்ணுமே இல்ல. வெளிச்சத்த எங்க நின்னு அளந்தீங்க?"

"வரப்புல."

"எதப் பாத்து?"

"எதிர இருந்ததப் பாத்து. ஒரே உப்பு."

"அப்ப இது உப்புக்கு எடுத்த படம். பாத்திக்குள்ள இறங்கலியா?"

"செருப்பு நனையும்லா."

அவள் நெகட்டிவை ஸ்கேனரில் வைத்தாள்.

"ஸ்கேன்ல வெளிச்சத்தத் தூக்கி விடு, ஆசானே."

தூக்கினாள். திரையில் ஒரு முகம் வந்தது. களிமண் நிறம். மேலே மணல் தூவியது போல.

"இன்னும் தூக்கு."

தூக்கினாள். மணல்தான் கூடியது.

"மெஷின் ரிப்பேரா?"

"ஃபிலிம்ல விழாதத மெஷின் எங்க போய் வாங்கிட்டு வரும், அண்ணாச்சி?"

எனக்குக் கோபம். கோபத்தைவிடப் பயம். சண்முகக்கனிக்கு முழங்கால் முட்டு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளோடு திருப்பூர் போகிறாள். இனி வரமாட்டாள். படம் எடுத்த அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம் மூஞ்சி தெரியுமா, அண்ணாச்சி? கல்யாணப் படத்துலயே எனக்குப் பல்லு மட்டுந்தான் தெரியும்."

தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

"இன்னைக்கு வியாழன்," என்றேன்.

அமலி கடையைப் பூட்டினாள்.

உப்பளத்தில் வெயில் கீழேயிருந்தும் அடித்தது. நான் வரப்பில் நின்று வெளிச்சம் அளக்கும் மீட்டரை நீட்டினேன். பதினாறு காட்டியது. லென்ஸை நன்றாகச் சுருக்கு என்று அர்த்தம்.

அமலி மீட்டரைப் பிடுங்கினாள். செருப்பை வரப்பில் விட்டாள். உப்புத் தண்ணீருக்குள் நடந்தாள். உப்புக்கல் காலைக் கிழிக்கும். அவள் வேகம் குறையவில்லை.

சண்முகக்கனி தலையில் உப்பு சுமக்கும் பெட்டியோடு நின்றாள். பெட்டியின் நிழல் முகத்தில். அமலி அந்த நிழலுக்குள் கையை விட்டு, கன்னத்தை ஒட்டி மீட்டரைப் பிடித்தாள்.

"என்னம்மா, காய்ச்சல் பாக்கியா?"

"காய்ச்சல் அண்ணாச்சிக்குத்தான், அக்கா." என் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அஞ்சு புள்ளி ஆறு!"

"கிறுக்கா உனக்கு? அவ்வளவு திறந்தா உப்பு வெளுத்துப் போகும்!"

"உப்பு வெள்ளதான?"

"ஃபிலிம் தாங்காது!"

"கலர் நெகட்டிவ் வெளிச்சத்தக் கூடுதலாக் குடுத்தாத் தின்னுரும். பட்டினிதான் தாங்காது. அமுக்குங்க."

அமுக்கினேன்.

சனிக்கிழமை காலையில் நெகட்டிவ் காய்ந்திருந்தது. இந்த முறை கெட்டி. ஸ்கேனர் தானாகவே நிறம் போட்டுப் படத்தைத் திரைக்கு அனுப்பியது. கண் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. முகம் நல்ல கோதுமை நிறம்.

"ஆகா! இத அப்படியே பிரிண்ட் போடு. சந்தோஷப்படுவா."

"இது யாரு?"

"என்ன கேள்வி? சண்முகக்கனி."

"அப்படியா?"

தானாக நிறம் போடுவதை அணைத்தாள். அதற்குள் சண்முகக்கனியே வந்துவிட்டாள், காலை இழுத்துக்கொண்டு. உட்கார இடம் கொடுத்தோம்.

"அக்கா, கையக் கொஞ்சம் குடுங்க."

அந்தக் கையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மஞ்சளைக் கொஞ்சம் இறக்கினாள். மறுபடி கை. மறுபடி திரை. சிவப்பை ஒரு பொட்டு ஏற்றினாள். அதிகம் என்று பாதியை எடுத்தாள். முக்கால் மணி நேரம். எனக்கு டீக்கு நிற்கவே பொறுமை கிடையாது. அன்றைக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கடைசியில் கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மழை பெய்த கரிசல் மண் மாதிரி ஒரு கறுப்பு. அதற்குள் செம்பு ஓடியது. பின்னால் உப்பு வெளுத்தும் போகவில்லை. கல் கல்லாகக் கிடந்தது.

பிரிண்டைச் சண்முகக்கனி இரண்டு கையாலும் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் மூக்கோரத்தைத் தொட்டாள். படத்தில் அல்ல, தன் முகத்தில்.

"ஏழு வயசுல கெணத்துப் படியில விழுந்த தழும்பு. அதுகூட வந்திருக்கே."

"சொன்னேன்லா," என்றேன்.

"எல்லாம் தெரியுது, அண்ணாச்சி. பல்லுதான் தெரியல."

வாயைப் பொத்திச் சிரித்தாள். படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நான் நோட்டை எடுத்தேன்.

"ஆசானே, ஒரு கணக்கு சொல்லு. வரப்புல நின்னு அளந்தா எவ்வளவு கூட்டணும்? அடுத்த உப்புப் பருவத்துக்கு எழுதி வச்சுக்கிடுதேன்."

அமலி நோட்டைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டுங்க, அண்ணாச்சி."