ஏழாவது எழுத்தாணி

மேலைக்கரை என்றொரு சின்ன ராஜ்யம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கொலைகாரனுக்கு மரண ஓலை எழுத வேண்டுமென்றால், அதற்கென்றே புதிதாக ஓர் எழுத்தாணி அடிக்க வேண்டும். நீதிபதி தானே பட்டறைக்குப் போய் அதை வாங்கி வர வேண்டும். எழுதி முடித்த கையோடு அதை இரண்டாக உடைத்து, துண்டுகளை அதே உலைக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கொலை செய்த ஆயுதமும் அந்த உலைக்குத்தான் போக வேண்டும். உயிரைத் தொட்ட இரும்பின் பாவம் நெருப்போடு போகட்டும் என்று பெரியவர்கள் அப்படி வைத்திருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

நீதிபதியின் பெயர் பூதலிங்கம். வயது அறுபதைத் தொட்டுவிட்டது. பட்டறைக்காரர் கோலப்ப ஆசாரி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் குரு ஆசாரிதான். முதல் எழுத்தாணி வாங்கப் போன அன்று, ஆசாரி வேலை செய்கிற அழகைப் பார்த்துச் சொக்கிப்போய் உட்கார்ந்தவர்தான் பூதலிங்கம். அன்றிலிருந்து மனதில் எது உறுத்தினாலும் பட்டறைக்கு வந்துவிடுவார். நாட்டுக்கே தீர்ப்புச் சொல்கிற மனிதர் கரிப்புகையில் உட்கார்ந்து துருத்தி ஊதுகிறாரே என்று ஊர் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டது. சிரிக்கட்டும், அவருக்கென்ன. குரு அவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். அதில் முக்கால்வாசி மரியாதை, கால்வாசி கிண்டல்.

அன்று காலையில் பூதலிங்கம் தோளில் ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"என்ன ஐயா, விவசாயத்துல இறங்கிட்டீங்களா?"

பூதலிங்கம் சிரிக்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"இது கீழ்வயல் சங்கிலியோட மண்வெட்டி. தண்ணி முறையில தகராறு. அடுத்த வயல்காரன் ஆண்டியப்பன், இதைச் சங்கிலி கையிலிருந்தே பிடுங்கி, மண்டையில ஒரே போடா போட்டுட்டான். வாய்க்கால் வரப்புலேயே உயிர் போயிருச்சு."

"அவன்தான் செஞ்சானா?"

"அவனே ஒத்துக்கிட்டான். பார்த்தவங்க நாலு பேர். சந்தேகத்துக்கு இடமே இல்லை."

"சரி. எழுத்தாணி எப்போ வேணும்?"

"உச்சிப்பொழுதுக்குள்ள. சங்கிலி சம்சாரம் வள்ளிமயில் மூணு நாளா மன்றத்து வாசல்ல உட்கார்ந்திருக்கா. பச்சைத் தண்ணி பல்லுல படலை. உசுருக்கு உசுரு வேணும்கிறா."

"அந்தப் பிள்ளை கேட்கிறதுல தப்பில்லை. என் வீட்டுல அப்படி ஒண்ணு நடந்தா நானும் அதைத்தான் கேட்பேன்."

ஆசாரி அதை மனதாரச் சொன்னார். பூதலிங்கத்துக்கு அது இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது. குரு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றுதான் அவர் வந்திருந்தார்.

"சட்டத்துல ரெண்டு வழி இருக்கு," என்றார். "ஒண்ணு தூக்கு. இன்னொண்ணு, சாகிற வரைக்கும் மலைச்சிறை. எதை எழுதுறதுங்கிறது என் கையிலதான் இருக்கு. ஆறு தடவை தூக்குன்னு எழுதியிருக்கேன். எழுத்தாணியை உடைச்சதும் எல்லாம் முடிஞ்ச மாதிரி இருக்கும். போய்க் குளிப்பேன், சாப்பிடுவேன். ஆறாவதுக்கு அப்புறம் சோறு இறங்க மாட்டேங்குது. கேட்கிறேன் குருவே, கொன்னவனைக் கொல்றது சரியா, தப்பா?"

ஆசாரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"துருத்தியைப் பிடிங்க ஐயா."

பூதலிங்கம் உலைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து துருத்தியை அமுக்கத் தொடங்கினார். பின்னால் ஆசாரி உளி வைத்து எதையோ வெட்டுகிற சத்தம் கேட்டது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை. துருத்தி பிடிக்கிறவன் நெருப்பை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது அவர் அங்கே கற்ற முதல் பாடம். பிறகு குறடு நீண்டு வந்து ஓர் இரும்புத் துண்டைக் கரிக்குள் செருகியது.

இரும்பு முதலில் கறுப்பாகவே கிடந்தது. அப்புறம் மெல்லச் சிவந்தது. இன்னும் ஊத ஊத மஞ்சளாகி, பார்க்கப் பார்க்க உள்ளுக்குள்ளே ஏதோ மூச்சு விடுகிற மாதிரி தெரிந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் பூதலிங்கத்துக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். பட்டறையில் நிற்கிறோமா, கர்ப்பகிரகத்தில் நிற்கிறோமா என்று அவருக்கே மறந்துபோகும்.

ஆசாரி துண்டை எடுத்து அடித்தார். நீட்டினார், திருப்பினார், கூராக்கினார். தண்ணீரில் தோய்த்தபோது அது சீறியது. சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து, துணியால் துடைத்து, சீடரின் கையில் கொடுத்தார்.

பூதலிங்கம் வழக்கம்போல ஓர் ஓலை நறுக்கை எடுத்து, தன் பெயரைக் கீறிப் பார்த்தார். வெண்ணெயில் விரல் ஓடுகிற மாதிரி எழுத்து ஓடியது. இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் எழுத்தாணியை அவர் பிடித்ததில்லை.

"அடேயப்பா. இது எந்த ஊர் இரும்பு குருவே?"

ஆசாரி மோவாயால் சுவர்ப்பக்கம் காட்டினார். மண்வெட்டி அங்கேதான் சாய்ந்திருந்தது. அதன் வெட்டும் வாயில் ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு வெட்டப்பட்டிருந்தது.

பூதலிங்கத்தின் கை தானாக விரிந்தது. எழுத்தாணி மடியில் விழுந்தது.

"சங்கிலியைக் கொன்ன இரும்பா?"

"நீங்கதானே ஐயா சுமந்துட்டு வந்தீங்க."

"உலையில போடத்தானே கொண்டுவந்தேன்."

"போட்டேனே. நீங்கதானே துருத்தி ஊதினீங்க."

ஆசாரி செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அந்த மண்வெட்டியை அடிச்சுக் கொடுத்ததும் நான்தான் ஐயா. போன தை மாசம். 'கல்லு நிலம் ஆசாரியாரே, வாய் சீக்கிரம் மழுங்குது, நல்ல எஃகா வச்சுக் கொடுங்க'ன்னு சங்கிலி கேட்டான். அப்போ என்கிட்ட நல்ல எஃகு பன்னிரண்டு துண்டு இருந்துச்சு. அத்தனையையும் உருக்கி ஒட்டி, அந்த வாயை அடிச்சேன்."

"பன்னிரண்டு துண்டா?"

"ஆமா. ஆறு எழுத்தாணி. ஒவ்வொண்ணையும் ரெண்டா உடைச்சு அனுப்பியிருந்தீங்க."

உலையில் கரி படபடவென்று வெடித்தது. பூதலிங்கம் மடியில் கிடந்த எழுத்தாணியையே பார்த்தார். தான் எழுதிய ஆறு சாவும் சங்கிலியின் மண்டையில் இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு, இதோ மறுபடி தன் மடிக்கே வந்து கிடக்கின்றன. இத்தனை வருஷம் வந்து போன பட்டறைதான். இன்றுதான் அதற்குள் முதல்முறை நுழைந்ததுபோல் இருந்தது.

"பாவமெல்லாம் நெருப்போட போயிரும்னு நினைச்சேனே," என்றார் மெல்ல.

"துருதான் போகும் ஐயா. இரும்பு எங்க போகும்?"

மன்றத்து முரசு ஒரு தடவை ஒலித்தது. உச்சிக்கு இன்னும் ஒரு நாழிகைதான். பூதலிங்கம் எழுந்தார். மடியிலிருந்து தரையில் உருண்ட எழுத்தாணியை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமல் நிமிர்ந்து கேட்டார்.

"இன்னைக்கும் தூக்குன்னு எழுதி உடைச்சா?"

"வழக்கப்படி துண்டு ரெண்டும் இங்கதான் வரும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய. யாரு முதல்ல சொல்லி வச்சிருக்காங்களோ அவங்க வேலையில சேர்ந்துரும்."

"யாரு சொல்லி வச்சிருக்கா?"

ஆசாரி மூலையிலிருந்து ஒரு மரப்பிடியை எடுத்தார். புதிதாக இழைத்தது. பெண்பிள்ளை கைக்குத் தோதாகக் கொஞ்சம் மெலிதாக இருந்தது. அதைத் தடவிப் பார்த்தபடியே சொன்னார்:

"வள்ளிமயில்தான். புருஷன் மண்வெட்டி உலைக்குப் போயிருமே, வேற ஒண்ணு வேணும்னு நேத்து அவ அண்ணன் வந்து சொல்லிட்டுப் போனான். வாய்க்கு நல்ல எஃகா வைக்கணுமாம். இனிமே அந்த வாய்க்கால்ல தண்ணி கட்டப் போறது அவதானே ஐயா."