வெள்ளைக் கூரையில் ஓர் ஓட்டை

பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து வாடகைக்கு விடுவது ரோஸ்லினின் தொழில். பாளையங்கோட்டைப் பக்கம் ஏழெட்டு வீடுகளை அவள் அப்படித் தூக்கி நிறுத்தியிருந்தாள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் பேச்சிமுத்து. லாரி ஷெட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மர உத்திரத்தின் மேல் சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய மெத்தை வீடு ஒன்றை வாங்கியிருந்தார். அதுதான் அவருக்கு முதல் வீடு. ரோஸ்லினைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்றாலும், வாய் நிறைய "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

அன்று ரோஸ்லின் ஒரு மொட்டைமாடியில் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். தண்ணீர் போகிற வழியையெல்லாம் சாக்கால் அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டியிருந்தாள். எந்த இடத்தில் கீழே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பேச்சிமுத்து படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரம்மா! எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. வாடகைக்கு விட்ட வீடு யாருக்குச் சொந்தம்? எனக்கா, குடியிருக்கவனுக்கா?"

"யாரு என்ன செஞ்சா?"

"ஓட்டை போட்டுட்டாங்க!"

"எதுல?"

"சீலிங்குல! என் ஃபால்ஸ் சீலிங்குல!"

அவர் வீட்டின் பழைய உத்திரங்கள் கறுத்துக் கிடந்தன. அவை கண்ணில் படக் கூடாது என்று பேச்சிமுத்து கூடம் முழுக்க வெள்ளைப் பலகையால் மூடி, நடுநடுவே சின்னச் சின்ன விளக்குகள் வைத்திருந்தார். வீடு பார்க்க வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுவார்.

"எதுக்கு ஓட்டை போட்டாங்க?"

"பிள்ளைக்குத் தூளி கட்டணுமாம். பலகையை வெட்டி, மேல கிடக்க உத்திரத்துல கயித்தைப் போட்டுட்டான். பால் மாதிரி இருந்துச்சு என் சீலிங்கு. இப்பப் போய்ப் பாருங்க, எலி கடிச்ச அப்பளம்!"

"நீங்க என்ன சொன்னீய?"

"என்ன சொல்ல? பொழுது அடையறதுக்குள்ள காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டேன். முகத்துக்கு நேரா சொல்லிட்டேன்."

ரோஸ்லின் குனிந்து ஒரு சாக்கை இன்னும் இறுக்கி அடைத்தாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு மாடியில தண்ணி கட்டிப் பாத்தீயளா?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கீய? எனக்குப் பதில் வேணும்."

"வாங்க, போவோம்."

"வந்து அவன் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க. அவளுக்கு வாய் காது வரைக்கும் இருக்கு."

வண்டியில் போகிற வழியெல்லாம் அவர் கோபம் அடங்கவில்லை. குறுக்கே வந்த ஆட்டையும் திட்டினார்.

வீட்டுக் கூடத்தில் சேலைத் தூளி தொங்கியது. உள்ளே பிள்ளை தூங்கியது. பக்கத்தில் இசக்கியம்மாள் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறு கையால் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை பெற்று இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. அவளுடைய கணவர் ஓட்டலுக்கு வேலைக்குப் போயிருந்தார்.

"ஆளு கூட்டிட்டு வந்துட்டீயளா?" என்றாள். எழுந்திருக்கவில்லை. "பயப்படாதீய. காலி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்தீயளா வாய?" என்றார் பேச்சிமுத்து.

"வீடு காட்டும்போது மேல பாரு, மேல பாருன்னு சொன்னீய. பாத்தோம். விளக்கா எரியுது, கல்யாண மண்டபம் மாதிரி. பிள்ளையை எங்கன போட? விளக்குலயா தொங்கவிட?"

"கடையில தொட்டில் விக்கான். கம்பித் தொட்டில். வாங்க வேண்டியதுதான?"

"அதையும் இரவல் வாங்கிப் போட்டுப் பாத்தாச்சு. முதுகு தரையில பட்டாலே வீல்னு கத்துது, கம்பித் தொட்டில்ல கிடக்குமா? ரெண்டு நாள் நீங்க வந்து தோள்ல போட்டுக்கிட்டு நடங்க. மூணாவது நாள் சுத்தியல் எடுக்கீயளா இல்லையான்னு பாக்கேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டாவளே எங்க வீட்டு அவிய! ஒரு கொக்கி மாட்டிக்கிடட்டுமான்னு. ஆணியே அடிக்கக் கூடாதுன்னீய. சாமி படத்தையே ஜன்னல்லதான் சாத்தி வச்சிருக்கேன்."

பேச்சிமுத்து ரோஸ்லினைப் பார்த்தார். அவள் அவரையும் பார்க்கவில்லை, இசக்கியம்மாளையும் பார்க்கவில்லை. தூளிக்கு அடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பொடி கொட்டிக் கிடந்தது. தூளி ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் மேலிருந்து கொஞ்சம் உதிர்ந்தது.

"இது எப்ப இருந்து கொட்டுது?" என்று கேட்டாள்.

"நேத்துத் தூளி கட்டினதுல இருந்து. கூட்டக் கூட்ட விழுது."

"அதான்!" என்று குதித்தார் பேச்சிமுத்து. "என் சீலிங்கு! உடைச்ச இடத்துல இருந்து உதிருது!"

ரோஸ்லின் பொடியை விரலில் தொட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உங்க சீலிங் என்ன நிறம், அண்ணாச்சி?"

"வெள்ளை."

விரலில் இருந்தது காப்பிப் பொடி நிறம்.

ரோஸ்லின் தூளியைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"பிள்ளையைத் தூக்கு."

"இப்பத்தான் தூங்குச்சு. எழுந்தா—"

"தூக்குளா!"

அந்தக் குரலைக் கேட்டதும் இசக்கியம்மாள் துள்ளி எழுந்தாள். பிள்ளையை வாரி எடுத்தாள். அது கத்த ஆரம்பித்தது.

"அதைத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போ."

அவள் வாசல் நிலைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். ரோஸ்லின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஓட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டாள். மேலே என்னவோ முறியும் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, ரஸ்க்கைக் கடிக்கிற மாதிரி. இறங்கி வந்து, பேச்சிமுத்துவின் கையைப் பிடித்து விரித்து, அதில் ஒரு கட்டைத் துண்டை வைத்தாள்.

"அமுக்குங்க."

அவர் அமுக்கினார். கட்டை பொடிந்துபோனது. உள்ளே ஈரமாக இருந்தது. வெள்ளையாக இரண்டு கறையான்கள் அவர் விரலிடுக்கில் ஓடின.

"மாடியில நின்ன தண்ணியெல்லாம் இதுலதான் இறங்கியிருக்கு," என்றாள். "பலகை போட்டு மூடும்போது இதை ஒரு தடவை தொட்டுப் பாத்தீயளா?"

"கறுப்பா அசிங்கமா இருந்துச்சு. மூடச் சொன்னேன்."

"தட்டிக்கூடப் பாக்கலையா?"

அவர் விரலிடுக்கில் ஓடிய கறையான்களை உதறினார்.

வாசலில் நின்ற இசக்கியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இதுலயா?" என்றாள். "இதுலயா என் பிள்ளையைத் தொங்கப்போட்டேன்? நேத்து முழுக்க இதுலயா ஆட்டினேன்?"

அவள் பேச்சிமுத்து பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, நீரும் பிள்ளை பெத்தவருதான?" அவள் பேச்சில் மரியாதை இறங்கிவிட்டது. "ஒரு சாண் பலகைக்கு அந்தக் குதி குதிச்சீரே! அது என் பிள்ளை மேல விழுந்திருந்தா என்னத்தை வச்சு மூடியிருப்பீர்? அதுக்கும் வெள்ளைப் பலகையா? அதுக்கும் விளக்கு வைப்பீரா?"

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதான மூடினீர்!"

பிள்ளையும் அவளோடு சேர்ந்து கத்தியது. எதிர்வீட்டில் இரண்டு பேர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"தூளிப் பேச்சை விடு," என்றாள் ரோஸ்லின். அவளும் கோபத்தில்தான் இருந்தாள். ஆனால் குரல் ஏறவில்லை. "சுண்ணாம்புத் தளம் மொத்தமும் இந்தக் கட்டை மேல உக்காந்திருக்கு. நாங்க நிக்கிறது அதுக்குக் கீழ. வெளிய வாங்க, அண்ணாச்சி."

பேச்சிமுத்து வெளியே வந்தார். பிறகு அவராகவே திரும்பி ஓடி, பாத்திரச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். மறுபடி உள்ளே போகக் கால் எடுத்தவரை ரோஸ்லின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும். உத்திரத்துக்குக் கம்பு நட்டு முட்டுக் கொடுக்காம இனி யாரும் உள்ள போக வேண்டாம்."

"முட்டுக் கொடுத்தா ராத்திரி படுத்துக்கிடலாமா?"

"உங்க பேரனைப் படுக்க வைப்பீயளா?"

அவர் தலை குனிந்தார். கையில் ஒட்டியிருந்த பொடியை வேட்டியில் துடைத்தார். அது போகவில்லை, வேட்டியில் தீற்றலாக அப்பியது.

தெருவில் சாக்கின் மேலேயே உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, இசக்கியம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள். கத்தல் நின்றது. அவள் பேச்சு நிற்கவில்லை. யாரைப் பார்த்தும் சொல்லாமல் தெருவைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

பேச்சிமுத்து கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் ரோஸ்லின் பக்கத்தில் வந்தார். வரும்போது இருந்த குரல் இப்போது இல்லை.

"வாத்தியாரம்மா, பச்சைப் பிள்ளையை வச்சுக்கிட்டு இவங்க இப்ப எங்க போவாங்க?"

ரோஸ்லின் அவரை நேராகப் பார்த்தாள்.

"காலி பண்ணுங்கன்னு முகத்துக்கு நேரா சொன்னீயளே, அப்ப எங்க போவாங்கன்னு நினைச்சீயளோ, அங்கதான், அண்ணாச்சி."