இலவமரத்துக் காவல்காரி

மலையடிவாரக் காடு ஒன்றில் ஓர் ஓட்டு வீடு இருந்தது, குழந்தைகளே. அதைக் கட்டிய மனிதர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன அடுப்படியில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பூனைகள் குடித்தனம் நடத்தின. அக்காள் பெயர் வரிச்சி. உடம்பெல்லாம் பட்டை பட்டையாக வரி. தங்கை பெயர் சாம்பி. சாம்பலில் புரண்டு எழுந்ததுபோல் நிறம்.

இரண்டும் ஒரே சமயத்தில் குட்டி போட்டிருந்தன. வரிச்சி இரை தேடப் போனால், சாம்பி எல்லாக் குட்டிகளுக்கும் பால் கொடுக்கும், நக்கிவிடும், பரணில் ஏறியதைக் கழுத்தைக் கவ்விக் கீழே கொண்டுவரும். வரிச்சிக்கு இது பிடிக்காது. தங்கை அந்தப் பக்கம் போனதும், தன் குட்டிகளை மறுபடி ஒருமுறை தானே நக்கிவிடும். யாரிடமும் எந்த உதவியும் கேட்கக் கூடாது என்பது அதன் பிடிவாதம்.

கோடை மழை பெய்யத் தொடங்கியது. அடுப்படித் தரை சில்லிட்டுப் போயிற்று. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப் படுத்தன. அடியில் மாட்டியது கத்தியது.

வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இலவமரம் நின்றது. காய்கள் வெடித்துப் பஞ்சு தொங்கும் பருவம். காற்றில் கீழே விழும் பஞ்சை இருவருமாகப் பொறுக்கி வந்தால் மெத்தை போட்டுவிடலாம் என்று சாம்பி யோசனை சொன்னது.

"கீழே விழுவது ஈரப் பஞ்சு. நல்ல பஞ்சு மேலேதான் இருக்கிறது. நானே கொண்டுவருகிறேன்" என்றது வரிச்சி.

சாம்பி குட்டிகளை நக்கிவிடத் திரும்பியது. அக்காளின் பிடிவாதம் அதற்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

வரிச்சி ஓடிப்போய் ஒரே மூச்சில் மரத்தின் உச்சிக்கிளைக்கு ஏறிவிட்டது. பஞ்சைக் கவ்வி இழுத்தது. பாதி மூக்கில் ஏறிற்று. தும்மிக்கொண்டே கீழே பார்த்தது.

பார்த்தபிறகுதான் ஒன்று புரிந்தது. ஏறிய மரத்திலிருந்து இறங்கவும் வேண்டும்.

அடிமரம் வழவழவென்று நேராக இறங்கியது. தலையை முன்னால் விட்டு ஓரடி இறங்கியது, கால் வழுக்கியது, பதறிப்போய் மறுபடி கிளைக்கே ஏறிக்கொண்டது. குட்டியாக இருந்தபோது அம்மா இறங்கும் விதத்தைக் கற்றுக்கொடுக்க வந்ததுண்டு. "எனக்கே தெரியும்" என்று சொல்லி வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது வரிச்சி. சாம்பிதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

அந்த வழியாக ஒரு குரங்கு தாவி வந்தது. ஊர்க்கதை பேசாவிட்டால் அதற்குச் சாப்பாடு இறங்காது. பூனை கிளையை இறுகக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கீழே கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டது.

"எதற்கு? நான் இங்கே காவல் இருக்கிறேன்" என்றது வரிச்சி.

"காவலா? எதற்குக் காவல்?"

"நரி நடமாட்டம் இருக்கிறதாம். உயரத்தில் இருந்தால்தானே தெரியும்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டது. குரங்குக்கு அது போதுமே. மறு நிமிடம் அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று தாவித் தாவிச் செய்தியைக் காடெங்கும் பரப்பியது. பூனையின் கண் நரியைத் தொலைவிலேயே கண்டுபிடித்துவிடும் என்றும், பார்த்தால் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடும் என்றும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது.

நண்பகலில் சாம்பி வந்து மரத்தடியில் நின்றது. அண்ணாந்து பார்த்ததுமே அதற்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அக்கா, இறங்க வரவில்லையா?"

"வராமல் என்ன? வேலையாக இருக்கிறேன். நீ போய்க் குட்டிகளைப் பார்."

"மேலே வந்து ஒரு தடவை காட்டட்டுமா?"

"போ என்றால் போயேன்."

சாம்பி வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பியது. அக்காளின் குட்டிகளுக்கும் சேர்த்துப் பால் கொடுத்தது.

இதற்குள் மரத்தடி கூட்டமாகிவிட்டது. முதலில் வந்தது மான். யார் எதைச் சொன்னாலும் அது நம்பும். தன் கன்றை மரத்தடிப் புல்லில் படுக்கவைத்து, இனிமேல் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று கண் கலங்க நன்றி சொன்னது. அடுத்து கீரி வந்தது. எப்போதும் அவசரம் அதற்கு. குட்டிகளை வரிசையாக உட்காரவைத்து, காவல்காரச் சித்தி பேச்சைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டது.

வேண்டாம் என்று சொல்ல வரிச்சி வாயைத் திறந்தது. ஆனால் மான் அவ்வளவு மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போயிற்று. வரிச்சி வாயை மூடிக்கொண்டு, கிளைமேல் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

வெயில் சாயும் நேரத்தில் வரிச்சியின் குட்டிகளும் வந்து சேர்ந்தன. அம்மா காவல் காக்கிறாள் என்று கேள்விப்பட்டு, சாம்பி அசந்த நேரமாகப் பார்த்து ஓடிவந்திருந்தன. மான்கன்றின் காதைப் பிடித்து இழுத்து விளையாடின.

புதருக்குள் நரி படுத்திருந்தது. உண்மையாகவே நரி. குரங்கு பரப்பிய செய்தி அதன் காதுக்கும் போயிருந்தது. ஆகவே உடனே வெளியே வராமல், காவல்காரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. காவல்காரி ஒருமுறைகூடக் கிளை மாறவில்லை. நகம் மட்டும் மரத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது.

நரி மெதுவாக வெளியே வந்தது.

"வணக்கம், காவல்காரம்மா. உங்கள் வீரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன்."

"அங்கேயே நில். இறங்கி வந்தேன் என்றால் தெரியும்" என்று சீறியது வரிச்சி.

"அதற்குத்தான் வந்திருக்கிறேன். இறங்கி வாருங்கள், பார்க்கலாம்."

நரி பின்னங்காலை மடித்து உட்கார்ந்து, காதைச் சொறிந்தபடி காத்திருந்தது. வரிச்சி முதுகை வளைத்தது, மயிரைச் சிலிர்த்தது, பல்லைக் காட்டியது. இறங்க மட்டும் முடியவில்லை. நரி புன்னகைத்துக்கொண்டு எழுந்து, குட்டிகள் இருந்த பக்கம் ஓரடி எடுத்து வைத்தது. கீரிக் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வரிச்சியின் கடைக்குட்டி மட்டும் பயப்படவே இல்லை. அம்மா இப்போது பாய்வாள் என்று நம்பி, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பார்வையை வரிச்சியால் தாங்க முடியவில்லை. காட்டின் மறுகோடிவரை கேட்கும்படி கத்தியது.

"சாம்பி, எனக்கு இறங்கத் தெரியவில்லை! பிள்ளைகள் பக்கத்தில் நரி நிற்கிறது. யாராவது வாருங்கள்."

இப்படிப்பட்ட செய்தியைக் குரங்கு சும்மா விடுமா? அதைவிட உரக்கத் திருப்பிச் சொன்னது. வீட்டிலிருந்து சாம்பி சாம்பல் பறக்கப் பாய்ந்து வந்தது. ஓடையிலிருந்து மான் குதித்து வந்தது. கீரி எந்தப் பக்கமாக வந்தது என்று யாருக்கும் தெரியாது. நரி திரும்பிப் பார்க்கும்போது அதன் வாலில் பல் பதித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் மானின் குளம்பு, முகத்தில் சாம்பியின் நகம். நரி கீரியையும் இழுத்துக்கொண்டே ஓடி, ஓடைக்கரையில் எப்படியோ வாலை மீட்டுக்கொண்டு மறைந்தது.

மூச்சு வாங்கி முடித்ததும், எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அப்படியானால் இவ்வளவு நேரமும் எங்கள் பிள்ளைகளைக் காத்தது யார்?" என்று கேட்டது மான்.

"யாரும் இல்லை" என்றது வரிச்சி, மிகச் சின்னக் குரலில். "குரங்கிடம் பொய் சொன்னேன். நீங்கள் வந்தபோதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்."

மான் கன்றை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. கீரிக்கு வந்த கோபத்துக்கு, வரிச்சி மரத்தின்மேல் இருந்ததே நல்லதாயிற்று.

சாம்பி மரத்தில் ஏறி அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. தலை முன்னால் வரக் கூடாது, வால்தான் முதலில் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. நகத்தை ஊன்று, ஒரு காலை விடு, பிறகு அடுத்த காலை விடு.

"கீழே பார்க்கக் கூடாதா?" என்று கேட்டது வரிச்சி.

"பார்க்காதே. குரங்கு சிரிக்கிறது."

இப்படியாக அந்தக் காட்டின் காவல்காரி, எல்லோரும் பார்த்திருக்க, பின்பக்கத்தை முன்னால் விட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தது. தரையில் கால் பட்டதும் நேரே மானிடமும் கீரியிடமும் போய் மன்னிப்புக் கேட்டது. மான் உடனே மன்னித்தது. கீரி மறுநாள்தான் மன்னித்தது.

சில நாள் கழித்து, சாம்பி வெயிலில் படுத்திருந்தபோது வரிச்சி வந்து எதிரில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. பல்லிடுக்கில் ஒரு மீன்முள்.

"என்ன அக்கா?"

வரிச்சி அந்தப் பக்கம் பார்த்தது, இந்தப் பக்கம் பார்த்தது.

"எடுத்துவிடேன்" என்றது.

சாம்பி ஒரு கொட்டாவி விட்டது. நன்றாகச் சோம்பல் முறித்தது. அந்த வார்த்தை காதில் சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னது. வரிச்சி இன்னொரு தரமும் சொன்னது.

நீதி: தன்னால் முடியாததை முடியாது என்று சொல்பவரையே மற்றவர்கள் நம்பி இருக்கலாம்.