காற்றுக்கு முகம் காட்டிய டீசல் கார்

குருவக்காட்டுப்புதூரில் மூன்று பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு டீசல் கார் இருந்தது. காருக்கு வயது இருபத்து மூன்று. நிறைய உழைத்துத் தேய்ந்திருந்தது. பங்காளிகளின் மூளைகள் அப்படியில்லை. மூன்றும் புதுசு போலவே இருந்தன.

மூத்தவன் சென்னியப்பன் காரை ஓட்டுவான். நடுவன் ஆறுக்குட்டி பானெட்டைத் திறப்பான். சின்னவன் திருமூர்த்தி பானெட்டை மூடுவான். திறந்தவனே மூடினால் பங்கு சரியாக இருக்காது என்று வாங்கின அன்றைக்கே பேசி முடித்திருந்தார்கள்.

சென்னியப்பனிடம் ஒரு நோட்டு உண்டு. வீட்டில் எது நடந்தாலும் அந்த நேரத்தில் காரின் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை எழுதி வைப்பான். தேதி எழுத மாட்டான். தேதி வருஷா வருஷம் திரும்ப வந்துவிடுகிறது, கிலோமீட்டர் ஒரு தடவை போனால் போனதுதான் என்பது அவன் கருத்து.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்துக்குக் கிழக்கே தாராபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கார் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. உடனே ஃபேன் நின்றது. சற்று நேரத்தில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ‘1,84,306, ஃபேன் ஓடவில்லை’ என்று சென்னியப்பன் எழுதினான். அப்புறம் டர்போ விசிலடிக்க ஆரம்பித்தது. கறுப்புப் புகை வந்தது, இழுவை போனது. நின்று நின்று வந்து, கடைசி மூன்று கிலோமீட்டர் காரைத் தள்ள வேண்டியதாயிற்று. ஸ்டியரிங் பிடிக்க ஒருவன், பானெட்டைத் திறக்க ஒருவன், மூட ஒருவன் என்று மூவருக்கும் வேலை இருந்தது. வேலை இல்லாமல் இருந்தது சென்னியப்பனின் மனைவி தெய்வானை மட்டும்தான். பட்டுச்சேலையோடு அவள்தான் தள்ளினாள்.

மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு மேற்கே ஆனைமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

“ஆடிப் பதினெட்டுக்குள்ள இந்தக் காரைத் தள்ளாம ஓட்டிட்டு வாங்க, வர்றேன். இல்லீன்னா இனி எனக்கு அங்கதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

‘1,84,320, தெய்வானை போய்விட்டாள்’ என்று சென்னியப்பன் எழுதினான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சோறு ஆக்கியிருக்கவும் இல்லை.

உடுமலை மெக்கானிக் ஞானப்பிரகாசம் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். போனில்தான் கிடைத்தார்.

“சூடாச்சுன்னா ஃபேன் தானா ஓடணும். ஓடுதான்னு மொதல்ல பாருங்க” என்றார்.

காரை வெயிலில் நிறுத்தினார்கள். மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்தார்கள். பானெட்டில் கை வைத்த ஆறுக்குட்டிக்குக் கொப்புளம் வந்தது. ஃபேன் அசையவில்லை.

“எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுனீங்களா?” என்று மெக்கானிக் கேட்டார்.

“நீங்க சொல்லலீங்களே.”

மறுநாள் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். எஞ்சின் சூடாக ஆரம்பித்ததும் ஆறுக்குட்டிக்கு மனசு கேட்கவில்லை. ஈரச் சாக்கைப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். அன்றைக்கும் ஃபேன் அசையவில்லை.

“ஏண்ணா, காத்தாலைக் காத்தாடியெல்லாம் எப்படிச் சுத்துது?” என்று திருமூர்த்தி யோசனையோடு கேட்டான். அவர்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காற்றாலைதான்.

“கரண்ட்டுலதான்” என்றான் ஆறுக்குட்டி. “ஆடி மாசம் சுவிட்சைப் போடறாங்க. அதான் இந்தக் காத்து அடிக்குது. புரட்டாசில அணைச்சுருவாங்க.”

“அப்ப நம்ம ஃபேனையும் ஆடியிலதான் போடுவாங்களோ என்னமோ.”

“ஆடி பொறந்து பத்து நாளாச்சேடா” என்றான் சென்னியப்பன். அவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். இன்னும் எட்டு நாள்.

ஃபேன் இருக்கட்டும், டர்போவைப் பார்ப்போம் என்றார் மெக்கானிக். “எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்பறதுதான் டர்போ. அந்தக் குழாயில எங்கியோ காத்து போகுது, அதான் விசில். சோப்புத் தண்ணி தடவுங்க. எங்க குமிழி வருதோ அங்க ஓட்டை. இறுக்கிக் கட்டுங்க.”

ஆறுக்குட்டி சோப்புத் தண்ணீரை நன்றாக நுரைக்க அடித்துத் தடவினான். குழாயில் குமிழி வந்தது. பேட்டரியில் வந்தது. ஹெட்லைட்டில் வந்தது. இருநூற்று நாற்பது ஓட்டை வரைக்கும் எண்ணினார்கள். அப்போது ஆறுக்குட்டி தன் கையைப் பார்த்து வெளிறிப்போனான்.

“அண்ணா, எனக்கும் ஓட்டைண்ணா.”

“எத்தனை?”

“முழங்கை வரைக்கும்.”

பழைய சைக்கிள் டியூப்புகளை அறுத்து எல்லாக் குழாய்களையும் இறுக்கிக் கட்டினார்கள். மிச்சமிருந்ததை ஆறுக்குட்டியின் கையில் சுற்றினார்கள். விசில் நின்றது, இழுவை வந்தது. ஆறுக்குட்டியும் முன்னைக்கு இப்போது தெம்பாக இருப்பதாகச் சொன்னான்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. ஃபேன் மட்டும் ஓடவில்லை. சென்னியப்பன் அழாத குறையாக மெக்கானிக்கைக் கூப்பிட்டான்.

“அட, ஆடிக் காத்து இருக்குதல்ல?” என்றார் அவர். “வண்டி மூஞ்சிக்கு நேரா காத்து அடிச்சாப் போதும், சூடாகாது. தைரியமாப் போங்க.”

பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று ஊளையிட்டுக்கொண்டு வந்தது. வாய்க்கால் ரோட்டில் முப்பத்து நான்கு கிலோமீட்டர் மேற்கே, காற்றை எதிர்த்தே போனார்கள். சூட்டு முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. வாசலில் வந்து நின்ற காரைத் தெய்வானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“தள்ளாமயா வந்தீங்க?”

“ஒரு விரல் வைக்கலை தெய்வானை.”

சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை அவள். பையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அண்ணிக்கு மரியாதையாக ஆறுக்குட்டியும் திருமூர்த்தியும் முன்சீட்டிலேயே நெருக்கிக்கொண்டார்கள். சென்னியப்பன் சாவியைத் திருகினான். திருகிய கை அப்படியே நின்றது.

“திருமூர்த்தி, காத்து எங்கிருந்துடா அடிக்குது?”

“மேற்கே இருந்து.”

“வீடு?”

“கிழக்கே.”

“அப்ப மூஞ்சிக்குக் காத்து வராது. முதுகுக்குத்தான் வரும்.”

“மெக்கானிக் மூஞ்சின்னுதான் சொன்னாரு” என்றான் ஆறுக்குட்டி.

“காத்து மாறுற வரைக்கும் இருந்துட்டுப் போலாமா? ஐப்பசியில மாறிரும்” என்றான் திருமூர்த்தி.

பின்சீட்டில் தெய்வானை பையைக் கையில் எடுத்தாள். அதைக் கண்ணாடியில் பார்த்த சென்னியப்பனுக்கு அறிவு வேலை செய்தது. “மூஞ்சி இப்பிடியே இருக்கட்டும்டா. நாம போவோம்” என்று சொல்லி ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

தெய்வானை பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

பாதி வழியில் பின்னாலேயே மொபெட்டில் வந்த பால்காரர், முன்கண்ணாடி வழியாக அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நெடுந்தூரம் வந்தார். “ஏனுங்க, போறீங்களா வர்றீங்களா?” என்று கடைசியில் கேட்டார்.

“ஊட்டுக்குங்க” என்றான் சென்னியப்பன். தலையை வலது ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்ததால் அவனுக்குக் கழுத்து வலித்தது.

அப்போதுதான் ஆறுக்குட்டி கத்தினான். “அண்ணா, மீட்டர் குறையுது!”

புறப்படும்போது 1,84,354 ஆக இருந்தது, இப்போது 1,84,336. அது பழைய காலத்து மீட்டர். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் அதுவும் சுற்றியது.

“ஃபேன் எப்ப நின்னுது?” என்று கேட்டான் திருமூர்த்தி. ஆறுக்குட்டி நோட்டைப் பிரித்தான்.

“முந்நூத்தி ஆறுல.”

“அப்ப முந்நூத்தி ஆறு வரைக்கும் பின்னாலயே போய்ட்டா?”

ஒரு மெக்கானிக்குக்குக்கூடத் தோன்றாதது இது.

வீட்டுக்கு வந்தபோது மீட்டர் 1,84,320. இன்னும் பதினான்கு பாக்கி. வாசலுக்கு எதிரே இருந்த வேகத்தடையில் வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. சென்னியப்பனின் தலை வலது பக்கம் வெளியே இருந்தது. மற்ற இருவரின் கண்ணும் மீட்டரில் இருந்தது. இடது பக்கக் கதவு திறந்து மூடிய சத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினான்காவது கிலோமீட்டரில் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி, வண்டி தூக்கிப் போட்டது. ஏதோ ஒரு வயர் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது. ஃபேன் ‘விர்’ரென்று சுற்றியது. மீட்டர் 1,84,306.

“ஓடுதுடா!” சென்னியப்பன் சந்தோஷத்தில் பின்னால் திரும்பினான். “தெய்வானை, பாத்தியா...”

பின்சீட்டில் யாரும் இல்லை. பையும் இல்லை.

சென்னியப்பன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். “போயிட்டாடா. மறுபடியும் போயிட்டா.”

திருமூர்த்தி நோட்டை வாங்கி, விரலை வைத்து வைத்துப் படித்தான். “அண்ணா, அழாதே. அண்ணி கோவிச்சுட்டுப் போனது முந்நூத்தி இருபதுல. இப்ப முந்நூத்தி ஆறு.”

“அதுக்கு?”

“அண்ணி இன்னும் போகவே இல்லை. ஊட்டுலதான் இருப்பாங்க.”

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வண்டியை முன்னால் எடுக்கப் போனவனை ஆறுக்குட்டி பதறிப் பிடித்தான். “முன்னால போனா வாசலுக்கு வர்றப்ப முந்நூத்தி இருபது ஆயிரும். அண்ணி கெளம்பிருவாங்க!”

நல்லவேளை. காரைத் திருப்பி நிறுத்தி, வீடு வரைக்கும் ரிவர்ஸிலேயே வந்தார்கள். சமையலறையில் தெய்வானை கொள்ளுப் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள்.

“நான் சொல்லல?” என்றான் திருமூர்த்தி.

சென்னியப்பன் நோட்டைக் காட்டி நடந்ததையெல்லாம் அவளுக்கு விளக்கினான். பருப்பு மத்தைக் கையில் வைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

“ஏனுங்க, நம்ம கல்யாணத்தன்னிக்கு மீட்டர் எவ்வளவு இருந்துச்சு?”

அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. பக்கம் புரட்டினான். “முப்பத்தோராயிரத்து நானூத்தி எட்டு.”

“அதுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி வண்டியை நிறுத்திட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள் தெய்வானை.

மறந்துவிடக் கூடாது என்று சென்னியப்பன் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டான். மறுநாள் விடிந்ததும் மூவரும் புறப்பட்டார்கள், ரிவர்ஸில்.