காந்திமதி வாங்கின மூணு வாய்

வெங்காயத்தத் தொடாத கண்ணு, அந்தக் கையால கண்ணத் தேச்சா எரியும். நாளைக்குக் கொழம்புக்கு இன்னும் ஒரு கிண்ணம் உரிக்கணும். நீ படு, நான் உரிச்சுக்கிட்டே சொல்றேன். நீ "ம்" சொல்லிக்கிட்டே வரணும். ம் நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு காந்திமதி. அவளுக்குப் பேச்சுன்னா உசுரு. பஸ்ஸுல ஏறினா, எறங்குறதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரங்க பேரன் பேரு வரைக்கும் கேட்டுப்புடுவா. ஒரு நாளு யார்கிட்டயும் பேசலன்னா அவளுக்குச் சோறு எறங்காது.

அவ தம்பி எத்தியோப்பியாவுல கணக்கு வாத்தியாரு. "அக்கா, ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போ"ன்னு கூப்புட்டான். ஏறினா விமானத்துல. உர்ர்ர்ருன்னு போயி எறங்கினா. அப்புறம் பாத்தா, தம்பி காலையில ஸ்கூலுக்குப் போனா சாயங்காலந்தான் வாரான். தெருவுல யாருக்கும் இவ பாஷை தெரியாது, இவளுக்கு அவங்க பாஷை தெரியாது. ஒரு நாளு, ரெண்டு நாளு, மூணு நாளு. சோறு எறங்கல.

"டிக்கெட்ட மாத்தி ஊருக்கு அனுப்பிடவாக்கா?"ன்னான் தம்பி.

"சும்மா கெட. ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தத் தெருவுல நான் ஒரு சிநேகிதி பிடிக்கிறேன். பிடிக்கலன்னா அனுப்பு"ன்னா.

ம் எங்க? ஆங்.

அப்போ வெள்ளிக்கெழமை, பக்கத்து வீட்டு வாசல்ல ஜெனெட்டுன்னு ஒரு அம்மா நின்னு, வா வான்னு கையக் காட்டினாங்க. இவ செருப்பக்கூட ஒழுங்கா மாட்டல, ஓடிட்டா.

உள்ள தரையெல்லாம் பச்சப்புல்லு பரப்பியிருக்கு. நடுவுல கரியடுப்பு. ஜெனெட் காப்பிக்கொட்டைய வறுத்தாங்க, சடசட சடசட. அந்தப் புகையக் கொண்டாந்து இவ மூக்குக்கிட்டக் காட்டினாங்க. அப்புறம் டங்கு டங்குன்னு இடிச்சு, கழுத்து நீண்ட கறுப்பு மண்கூஜாவுல காய்ச்சி, பிடியில்லாத குட்டிக் கிண்ணத்துல ஊத்திக் குடுத்தாங்க.

நம்ம காந்திமதி என்ன பண்ணினா? எச்சில் படக்கூடாதுன்னு அண்ணாந்து ஊத்தினா. சுரீர். பாதி நாக்குல, பாதி சேலையில. ஜெனெட்டோட மாமியாரு வாயப் பொத்திக்கிட்டு குலுகுலுன்னு குலுங்குறாங்க. இவளும் சேந்து சிரிச்சுட்டு, மிச்சத்த உதடு வச்சே குடிச்சா.

அப்புறம்? காப்பி குடிச்சா கெளம்பணும், அதான நம்ம வழக்கம். எழுந்து கும்பிட்டா. ஜெனெட் மொகம் வாடிப்போச்சு. மாமியாரு இவ முந்தானையப் பிடிச்சு இழுத்து, மூணு வெரலக் காட்டினாங்க. அங்க மூணு தடவ குடிக்காம எழுந்திருக்கக் கூடாதாம். மூணாவதுலதான் ஆசீர்வாதமே இருக்காம்.

"அதுக்கென்ன, பொழுதுக்கும் உக்காந்திருப்பேன்"னு தமிழ்லயே சொல்லிட்டு சம்மணம் போட்டா. இவ தமிழ்ல பேசுறா, அவங்க அவங்க பாஷையில பேசுறாங்க. எங்க வீட்டு மாடு கன்னு போட்டுச்சுன்னு நடிச்சே காட்டிட்டா, பாத்துக்கோ.

மூணாவது கிண்ணமும் ஆச்சு. வந்துச்சு சாப்பாடு. ஒரே ஒரு பெரிய தட்டு. தோசையாட்டம் அகலமா புளிச்ச அப்பம், அதுமேல பருப்பு, கீரை. எல்லாரும் அதுலயே கை வைக்கணும். எச்சிலாச்சேன்னு காந்திமதி கைய மடியிலயே வச்சுக்கிட்டா. அப்போ ஜெனெட் அப்பத்தப் பிச்சு, பருப்ப வச்சுச் சுருட்டி, நேரா இவ வாய்க்கிட்டக் கொண்டாந்துட்டாங்க.

இவ வாய இறுக்க மூடிக்கிட்டா. போதும் போதும்னு கைய ஆட்டினா.

அந்தக் கை அப்படியே நின்னுச்சு. பருப்பு சொட்டுது. சொட்டு. சொட்டு.

காந்திமதி யோசிச்சா. நமக்கு யாரு கடைசியா ஊட்டினது? பல்லு மொளைச்ச வயசுல அம்மா. அப்புறம் தம்பிக்கு, பிள்ளைங்களுக்குன்னு நாமதான எல்லாருக்கும் ஊட்டிக்கிட்டுக் கெடந்தோம். அந்தக் கையப் பாத்தா. வாங்குவாளோ மாட்டாளோன்னு ஜெனெட் கண்ணு இவ வாய் மேலயே இருக்கு. அட, இவங்களும் பயந்துக்கிட்டுதான் நீட்டுறாங்க.

ஆ-ன்னா.

மொத வாய். காரத்துல மூக்கு ஒழுகுது. ரெண்டாவது வாய் மாமியாரு. மூணாவது திரும்ப ஜெனெட். அப்புறம் இவ அப்பத்தச் சோறு உருட்டுறாப்ல உருட்டி, ஜெனெட் வாய்க்கு நேரா நீட்டி, "காக்கா வருது, ஆ"ன்னா. அவங்களும் ஆ-ன்னாங்க. அதுக்குப் பாஷை எதுக்கு?

சாயங்காலம் தம்பி வந்தா வீடு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டுல அக்கா சிரிப்பு கேக்குது. எட்டிப் பாத்தான்.

"அக்கா, டிக்கெட்ட மாத்தணுமா?"

"ஆமாடா, இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போடு. இவங்களுக்கு நான் ரசம் வச்சுக் காட்டணும்."

அவ்ளோதான். கதைக்கு வயிறு நெறஞ்சு படுத்துடுச்சு, நீயும் கண்ண மூடு.

என்ன? நான் ஏன் எதிர்வீட்டுக்குப் போறதில்லன்னு கேக்குறியா? வெக்கமா இருக்கு கண்ணு. நாம இங்க குடிவந்து ரெண்டு மாசந்தான ஆச்சு. சரி, நாளைக்கு இந்தக் கொழம்புல ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டு நானே போயி...

இரு, யாரோ கதவத் தட்டுறாங்க.

"புள்ள, தூங்கிட்டியா? பணியாரம் சுட்டேன், சூடு ஆறுறதுக்குள்ள கதவத் தொற."

எதிர்வீட்டு அக்கா. வாங்கக்கா, கையெல்லாம் வெங்காயம், எப்படி வாங்குறது, நீங்களே ஒரு வாய் ஊட்டுங்க. ஆ...