குதிரைக்கு ரசம் சோறு

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் திடீரென்று புலால் உண்பதை விட்டான். தன்னோடு நிறுத்தவில்லை. அரண்மனையில் எவரும் உண்ணக் கூடாது என்று ஆணையிட்டான்.

அங்கே ஓலை சுமந்து ஓடும் ஆட்கள் இருந்தார்கள். எல்லைக்கு ஓடி அன்றே திரும்புபவர்கள். அவர்கள் இலையிலிருந்து கறியும் கருவாடும் போயின. சோறும் மிளகு ரசமும் மிஞ்சின. சில வாரங்களில், அவர்களில் வேகமானவனான செம்பன், கோட்டை வாசலிலேயே சுருண்டு விழுந்தான்.

"சோம்பல், மன்னா," என்றார் சேனாபதி விக்கிரமராயர். அரசவைக் கோமாளி தத்தனை அவருக்குப் பிடிக்காது. "இந்தத் தத்தன் அரட்டை அடித்தே இவர்களைக் கெடுத்துவிட்டான்."

"என் குதிரையும்தான் புலால் உண்பதில்லை. அது ஓடவில்லையா?" என்றான் அரசன். "இன்று முதல் குதிரை எப்படியோ அப்படியே ஓட்டக்காரன். ஓட்டக்காரன் எப்படியோ அப்படியே குதிரை. பௌர்ணமியன்று செம்பனும் குதிரையும் எல்லைக்கு ஓடட்டும்."

"அதுவரை இரண்டு பேருக்கும் தீனி போடும் பொறுப்பைத் தத்தனிடமே விடுங்கள். செம்பன் விழுந்தால் அவனும் தத்தனும் நாட்டை விட்டே போகட்டும்," என்றார் ராயர்.

"அப்படியே ஆகட்டும்."

"உத்தரவு, மன்னா," என்றான் தத்தன்.

மனைவி இறந்த பிறகு தத்தன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. லாயத்தில் குதிரைக்காரர்களோடு உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தான். குதிரைக்கு என்ன வைக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். மறுநாள் முதல் குதிரையின் கொள்ளும் கம்பும் ஓட்டக்காரர்களின் சமையற்கட்டுக்குப் போயின. கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல், கம்பங்களி. அவர்களுடைய ரசம் சோறு லாயத்துக்கு வந்தது.

பௌர்ணமியன்று குதிரை பாதி வழியில் நின்று புல் மேயத் தொடங்கியது. செம்பன் எல்லையைத் தொட்டுத் திரும்பிவந்து தண்ணீர் கேட்டான்.

"என் குதிரைக்கு என்ன ஆயிற்று?" அரசன் கத்தினான்.

"ரசம் சோறு, மன்னா."

"குதிரைக்கா!"

"ஓட்டக்காரன் எப்படியோ அப்படியே குதிரை. தங்கள் ஆணை."

"துரோகம்!" என்றார் ராயர். "வாயில்லாப் பிராணிக்கு ரசமா? அது தின்னுமா?"

"முதல் நாள் முகர்ந்ததோடு சரி. பசித்ததும் தின்றது. பிறகு அது என்னை முறைத்ததற்கு, ராயர் முறைப்பதே மேல் என்று தோன்றியது."

சபையில் யாரோ இருமினார்கள். அரசன் சிரிக்கவில்லை.

"நானும்தான் புலாலை விட்டேன். நான் விழவில்லையே?"

"தங்கள் இலையில் கறி இருந்த இடத்துக்குப் பாலும் தயிரும் பருப்பும் வந்தன, மன்னா. செம்பன் இலையில் ஒன்றும் வரவில்லை. எடுத்த இடம் காலியாகவே இருந்தால் ஆள் விழுந்துவிடுவான். அது எனக்குத் தெரியும்."

அரசன் அவனுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தான். பிறகு ராயர் பக்கம் திரும்பினான்.

"ராயரே, இனி ஓட்டக்காரர்களுக்குத் தினமும் கொள்ளும் பருப்பும் தயிரும். அடுத்த பௌர்ணமி வரை ஓலையை நீர் கொண்டு போம். ரசம் சோற்றோடு."

ராயரின் முகத்தைப் பார்த்ததும் அரசனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தத்தா, உனக்கு என்ன வேண்டும்? கேள்," என்றான்.

"ஓட்டக்காரர்கள் பந்தியில் தினமும் எனக்கும் ஓர் இலை."

"நீ எங்கே ஓடப் போகிறாய்?"

"இப்போதைக்கு எழுந்து நடக்கிறேன், மன்னா."

அன்று அவனுக்குச் செம்பன் பக்கத்தில் இலை போட்டார்கள். தத்தன் துவையலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.