பாதியில் நின்ற தாலாட்டு

கடல்நாய்க்கும் பேச்சு இருந்த காலம் அது. பேச்சு மட்டுமா, பாட்டும் இருந்தது. வடக்குக் கடலில் அது பாடினால் மீன்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போகுமாம்.

அந்தக் கரையில் ஒரு மலைக்குகை. அதில் குன்லோத் என்று ஒரு ராட்சசப் பெண். குடித்தவர் வாயில் கவிதை வரும் மது ஒன்று அங்கே இருந்தது. அதற்கு அவளைக் காவல் வைத்துவிட்டார் அவள் அப்பா. வாசலைத் தாண்டக் கூடாது. தேவர்களின் அரசன் ஓடின் வந்து மூன்று நாள் அவளோடு இருந்தான். மதுவை எல்லாம் குடித்துவிட்டுப் பறந்துவிட்டான். பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பிராகி என்று பேர் வைத்தாள்.

பிள்ளை அழவே இல்லை. குகையில் இருந்த குள்ளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்து நாள் அழாத பிள்ளை செத்த பிள்ளை, படகில் வைத்துக் கடலில் விட்டுவிட வேண்டும்.

"அவ்வளவு மதுவையும் குடிச்சவர் பிள்ளைக்கு வாயே இல்லையே!" என்று சிரித்தான் ஒரு குள்ளன்.

"பால் குடிக்கிறானே அண்ணே! செத்த பிள்ளை பால் குடிக்குமா?" என்று கெஞ்சினாள் குன்லோத்.

அவர்கள் கேட்கவில்லை. ஆனாலும் வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், ஒரு தங்க யாழ் செய்து பிள்ளை பக்கத்தில் வைத்தார்கள்.

குன்லோத் வாசலில் நின்று கடல்நாயைக் கூப்பிட்டாள். "அக்கா, என் தாலாட்டு உனக்குத் தெரியும்தானே? நிறுத்தாம பாடிக்கிட்டே போ. அவன் பயந்துடுவான்."

"என் குட்டி மாதிரி பார்த்துக்கிறேன், போ" என்றது கடல்நாய். மூக்கால் படகைத் தள்ளிக்கொண்டே பாடியது:

"அலையே அலையே மெல்ல ஆடு,
என் அரும்பு அக்கரை சேரட்டும்."

நடுக்கடலில் சாவின் வாசல் வந்தது. வாசல்காரன் படகைப் பிடித்துக்கொண்டான். "சத்தம் இல்லாததெல்லாம் எனக்குச் சொந்தம். பிள்ளையை விட்டுட்டு நீ பாடிக்கிட்டே போ. இங்கே பாட்டை நிறுத்தினா உன் குரலும் எனக்குத்தான்."

கடல்நாய் பிள்ளையைப் பார்த்தது. அவன் கண் அதன் வாயிலேயே இருந்தது. உதடு லேசாக அசைந்தது. ஐயோ, இவன் ஊமை இல்லை, இத்தனை நாளும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்! பெற்றவளின் பாட்டை நான் பாதியில் நிறுத்தினால்தானே, மீதியைப் பாட இவன் வாயைத் திறப்பான்?

"அலையே அலையே மெல்ல ஆடு, என் அரும்பு..." என்று பாடிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

எங்கும் சத்தமே இல்லை. வாசல்காரன் படகை இழுத்தான்.

பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். யாழை மடியில் எடுத்தான்.

"அக்கரை சேரட்டும்" என்று பாடினான்.

வாசல்காரன் கை தானாக விட்டது. படகு தாண்டியது. அது ஒதுங்கிய கரையில் மொட்டை மரமெல்லாம் துளிர்த்தது. அந்தப் பிராகிதான் வளர்ந்து கவிதைக்கே தெய்வமானார். போரில் செத்து ஓடினின் மண்டபத்துக்கு வரும் வீரர்களை, அவர்கள் செய்ததைப் பாடி வரவேற்பது அவர் வேலை. வாளைத் தூக்காத ஆள்தான், ஆனால் வாயைத் திறந்தால் மண்டபமே எழுந்து நிற்குமாம்!

கடல்நாயும் அன்றைக்கு அவனோடு சேர்ந்து பாடத்தான் பார்த்தது. கரகரவென்று கனைப்புதான் வந்தது. அன்றைக்குப் போன குரல் போனதுதான். ஆனால் இன்றைக்கும் படகில் யாராவது பாடினால், அது தலையைத் தூக்கி ஈரக் கண்ணோடு பார்க்கும். கடைசி வரியைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குள் போகும்.